இறக்கை தொங்கும் குஞ்சுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: மரத்தடியில் விழுந்த குஞ்சு. இறகு முளைக்கவில்லை, ஒரு இறக்கை தொங்குகிறது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தண்ணீர் விடலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயின் திறப்பு நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரு சொட்டு தவறினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் கூடாது. முதல் தேவை சூடுதான். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணியைக் கிண்ணம்போலச் சுருட்டி அதில் வையுங்கள். நூல் பிரியும் துண்டென்றால் நகம் சிக்கிக்கொள்ளும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். குஞ்சைச் சுற்றி சுமார் 35 டிகிரி செல்சியஸ் போதும். வாயைப் பிளந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம்; பாட்டிலைத் தள்ளி வையுங்கள், குஞ்சால் தானாக நகர முடியாது.

பதில் 2: இறக்கையைக் கட்டிவிடாதீர்கள். பறவைக்கு உதரவிதானம் (நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை) கிடையாது, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கினால் கதை முடிந்தது. பூனை கவ்வியதா? அப்படியானால் காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் அன்றே ஆன்டிபயாடிக் தேவை. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்டவர்: பூனை இல்லை. கை பட்டால் தாய் ஒதுக்கிவிடுமாமே?

பதில் 3: கட்டுக்கதை. காயமில்லாத குஞ்சைத் தாராளமாகக் கூட்டில் திருப்பி வைக்கலாம். இதை வைக்காதீர்கள், பெட்டியை மூடி, இருட்டாக, சத்தமில்லாமல் பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வழியில் திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.