அப்பாவின் போட்டோ வேலைக்குக் குறைந்த செலவில் டெஸ்க்டாப்

கேள்வி:
அப்பா பழைய 35 மிமீ நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து ஜிம்ப் என்ற இலவச போட்டோ எடிட்டரில் திருத்துவார், யூடியூபில் பாட்டு கேட்பார். கேம் கிடையாது. ஆபீஸ்களில் கழித்துவிடும் செகண்ட்ஹேண்ட் பெட்டி போதுமா?

பதில் 1:
தாராளமாகப் போதும். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை ஐ5-க்குக் கீழே போகாதீர்கள். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. ரேம் 16 ஜிபி, 8+8 ஆக இரண்டு ஸ்டிக். ஒற்றை ஸ்டிக் போட்டால் உள்ளமைந்த கிராபிக்ஸ் மந்தமாகும், அது பகிர்வதும் அதே ரேமைத்தான். தனி கிராபிக்ஸ் கார்டு வீண்செலவு.

பதில் 2:
மிச்சப் பணத்தை மானிட்டரில் போடுங்கள், 24 அங்குல ஐபிஎஸ் (எந்தக் கோணத்திலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). டிஎன் என்ற இன்னொரு வகை பேனலில் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறித் தெரியும்; எதை நம்பித் திருத்துவார்?

2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்), 48 பிட் நிற ஆழத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு நெகட்டிவ் சுமார் 46 எம்பி. 36 படச் சுருள் ஒன்றுக்கே 1.6 ஜிபி. எனவே 500 ஜிபி எஸ்எஸ்டியோடு, பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க் கட்டாயம்.

பதில் 3:
ஸ்கேனருக்கு 64 பிட் விண்டோஸில் ஓடும் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய பெட்டியில் மதர்போர்டுக் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய், யூடியூபே சான்றிதழ்ப் பிழை காட்டும்.