நிலாவெளி வெங்காயத் தோட்டக்காரர் குழு

வெங்காய மாமா: இன்றைக்கும் மூட்டைக்குக் கழிவு என்று கிலோக் கணக்கில் வெட்டிவிட்டுத்தான் வியாபாரி காசு தந்தார். தம்புள்ளை மொத்தச் சந்தையில் விலை விழுந்துவிட்டதாம். விழுந்ததா இல்லையா, நமக்கு எப்படித் தெரியும்?

பெரியண்ணா: அதற்குத்தான் மாமா, விற்பனைக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவோம் என்கிறேன்.

கடை அக்கா: கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சாமானுக்குக் கியூவில் நின்றது போதும் அண்ணா 😄

மாடிசன் தங்கச்சி: அது வேறு அக்கா, இது வேறு. நான் படிக்கிற விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கூட்டுறவுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 1962இல் தொடங்கியது. கூட்டுறவுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை, நிர்வாகசபைக்குப் பயிற்சி, ஆய்வு எல்லாம் அங்கே நடக்கும்.

வெங்காய மாமா: காசு?

மாடிசன் தங்கச்சி: காசு நீங்கள்தான் போட வேண்டும் மாமா. பங்கு வாங்குகிறவர்கள்தான் உறுப்பினர்கள்.

பெரியண்ணா: அமெரிக்காவரை ஏன்? இந்தியாவில், குஜராத்தில் ஆனந்த் என்று ஓர் ஊர். 1946இல் அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1979இல் அதே ஊரில் கிராமிய முகாமைத்துவம் படிப்பிக்க நிறுவனமே வந்துவிட்டது.

கடை அக்கா: நமக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரிக் கம்பஸ் இருக்கிறதே. வணிகம் படிக்கிற பிள்ளைகள் என் கடையில்தான் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

பெரியண்ணா: கணக்குக்கு அவர்களைக் கேட்போம். பயிர், களஞ்சியம் என்றால் வந்தாறுமூலையில் அதே பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம்.

வெங்காய மாமா: வந்து பெனர் கட்டி, கருத்தரங்கு வைத்து, சோற்றுப் பார்சல் தந்துவிட்டுப் போவார்கள்.

குட்டித் தம்பி: மீன் பொரியல் இருந்தால் நான் வருவேன்

பெரியண்ணா: கருத்தரங்கே கேட்கக் கூடாது. அறுவடையோடு எல்லாரும் ஒன்றாக விற்பதால்தான் விலை படுக்கிறது. காயவைத்துப் பிடி கட்டித் தொங்கவிட்டு ஒரு மாதம் பொறுத்தால் நிறை எவ்வளவு குறையும், அழுகல் எவ்வளவு, கொட்டில் செலவும் லொறிக்கூலியும் போக மிச்சம் வருமா? இதைக் கணக்குப் போட்டுத் தாருங்கள் என்று கேட்போம். வராது என்றால் அதையும் சொல்லட்டும்.

மாடிசன் தங்கச்சி: பழைய விற்பனைக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள் அண்ணா.

வெங்காய மாமா: [கணக்குக் கொப்பியின் படம்]

கடை அக்கா: ஐயோ மாமா! திகதி, மூட்டை, நிறை, கழிவு, விலை, எல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள்! ஓரத்தில் என் கடைக் கடனும் இருக்கிறது 😂

வெங்காய மாமா: அதைப் பார்க்காதே பிள்ளை. எனக்கு ஒரு கேள்வி. பெரிய தோட்டக்காரன்தானே தலைவராவான்?

மாடிசன் தங்கச்சி: எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். இலாபத்தை அவரவர் கொடுத்த வெங்காயத்தின் அளவுக்குப் பிரிக்கலாம்.

வெங்காய மாமா: சரி. வெளியில் விலை கூடின அன்று சங்கத்துக்குத் தராமல் வியாபாரிக்கு ஏற்றிவிடுகிறவனை என்ன செய்வீர்கள்?

பெரியண்ணா: சங்கங்கள் படுப்பதே அதில்தான். எவ்வளவு தர வேண்டும், தராவிட்டால் என்ன என்று சங்கத்தின் துணைவிதியில் எழுத வேண்டும். பதிவு 1972ஆம் ஆண்டு 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி கூட்டுறவுத் திணைக்களத்தில். வெள்ளி பின்னேரம் அக்காவின் கடையில் கூடிக் கடிதத்தை எழுதுவோம். மாமா, கொப்பியைக் கொண்டு வாங்கோ.

வெங்காய மாமா: போட்டோ கொப்பிதான் தருவேன். ஒரிஜினல் வீட்டை விட்டு வெளியே வராது.