‘அடாப்டர் டிரைவர்’: இயக்கி என்றே விடலாமா?

வணக்கம். ஓப்பன்ஓசிடி (சில்லுகளில் ஓடும் நிரலை வழுநீக்க உதவும் மென்பொருள்) கையேட்டுத் தமிழாக்கத்தில் ‘அடாப்டர் டிரைவர்’ என்பதற்குத் ‘தகவி இயக்கி’ என்று போட்டிருக்கிறோம். தகவி என்பது கணினியையும் சில்லையும் இணைக்கும் கருவி. தகவி இருக்கட்டும், இயக்கியை மாற்ற வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் இயங்குதளத்தில் எதையோ நிறுவச் சொல்கிறார்கள் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். இங்கே குறிப்பது ஓப்பன்ஓசிடியை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போதே அதற்குள் சேர்ந்துவிடும் பகுதியை. அது சேராவிட்டால், ஓப்பன்ஓசிடி ‘கேட்ட வழுநீக்க இடைமுகம் இல்லை’ என்று பிழை காட்டி, தன்னிடம் உள்ள தகவிகளைப் பட்டியலிட்டு நின்றுவிடும். கேபிளை மாற்றியோ கணினியை மறுதொடக்கம் செய்தோ பயனில்லை, மறுபடி தொகுக்கத்தான் வேண்டும். ‘தகவிக் கையாளி’ எனலாமா?

---

> ‘தகவிக் கையாளி’ எனலாமா?

ஐயா, கையாளி இடிக்கும். இதே மென்பொருளின் அமைவுக் கோப்புகளில் ரீசெட்-இனிட் (சில்லை மீட்டமைத்ததும் தயார்ப்படுத்துவது) போன்ற நிகழ்வுகளுக்கு எழுதும் துணுக்குகளை நிகழ்வுக் கையாளி என்றுதான் சொல்லியாக வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு கையாளி வந்தால் குழப்பம்தான்.

‘தகவிக்கூறு’ என்பது என் பரிந்துரை. கூறு என்றாலே நிரலின் ஒரு பகுதி என்று விளங்கிவிடும். ‘எஸ்டி-லிங்க் தகவிக்கூறு சேர்க்கப்படவில்லை’ (எஸ்டி-லிங்க் ஒரு தகவி வகை) என்று படிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

இதோடு, தொகுப்புக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் கட்டளையில் வரும் ‘எனேபிள்’, ‘ஆட்டோ’ இரண்டையும் பார்த்துவிட வேண்டும். எனேபிள் என்பதற்கு ‘செயற்படுத்து’ என்று போட்டிருப்பது, ஓடும் நிரலில் எதையோ முடுக்கிவிடுவதாகக் காட்டுகிறது. ‘சேர்’ போதும். ஆட்டோவைத் ‘தானியங்கு’ என்றால் முழுத் தவறு. கான்ஃபிகர் கட்டளையில் எதுவும் குறிப்பிடாமல் விட்டால், தேவையான நூலகம் இருக்கும் தகவிக்கூறு மட்டும் சேரும், மற்றது சத்தமில்லாமல் விடுபடும். கடைசியில் வரும் சுருக்கப் பட்டியலில் ‘நோ’ என்ற ஒரு சொல்தான் தடயம். அதே கூற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லியிருந்தால், நூலகம் இல்லாதபோது கான்ஃபிகர் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே ஆட்டோவுக்குக் ‘கிடைத்தால் சேர்’ என்று வைப்போம். தேவைப்படும் தகவியைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதே நல்லது என்றும் கையேட்டில் ஒரு வரி வேண்டும்.

---

> ‘தகவிக்கூறு’ என்பது என் பரிந்துரை.

மனமார ஏற்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன் (எஃப்டிடிஐ எம்பிஎஸ்எஸ்இ, சிஎம்எஸ்ஐஎஸ்-டாப், ஜே-லிங்க் மூன்றும் தகவி வகைகள்; லிப்யூஎஸ்பி, எச்ஐடிஏபிஐ, லிப்ஜேலிங்க் அவற்றுக்குத் தேவையான நூலகங்கள்):

“எஃப்டிடிஐ எம்பிஎஸ்எஸ்இ தகவிக்கூற்றுக்கு லிப்யூஎஸ்பி-1.0 போதும். சிஎம்எஸ்ஐஎஸ்-டாப் முதல் பதிப்புக்கு எச்ஐடிஏபிஐ வேண்டும், இரண்டாம் பதிப்புக்கு லிப்யூஎஸ்பி. ஜே-லிங்குக்கு லிப்ஜேலிங்க். நூலகம் மட்டும் இருந்தால் போதாது, அதன் தலைப்புக் கோப்புகள் அடங்கிய டெவ் தொகுப்பையும் நிறுவுக. பிறகு கான்ஃபிகரை மறுபடி ஓட்டிச் சுருக்கப் பட்டியலைப் பார்த்த பின்பே, தொகுக்கும் கட்டளையான மேக் கொடுக்க.”

தடையில்லாமல் படிக்க முடிகிறது. வேற்றுமை உருபு சேரும்போது ‘தகவிக்கூற்றுக்கு’, ‘தகவிக்கூற்றை’ என்று ற் இரட்டிக்கும், அதைச் சொற்பட்டியலிலேயே குறித்துவிடுங்கள்.

இயக்கி என்ற சொல்லை மொத்தமாக எடுத்துவிட வேண்டாம். விண்டோசில் ஸேடிக் என்ற கருவியைக் கொண்டு வின்யூஎஸ்பி பொருத்துகிறோமே, அது உண்மையிலேயே இயக்கி. சில தகவிகளில் உள்ள எஃப்டி2232எச் சில்லில் இரண்டு தடங்கள் உண்டு. ஜேடேக் (வழுநீக்க இணைப்பு) முதல் தடத்தில் இருந்தால், இடைமுகம் 0-க்கு மட்டும் இயக்கியை மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றினால் அடுத்த தடத்தில் வரும் சீரியல் போர்ட் காணாமல் போகும்.

லினக்சில் ‘லிப்யூஎஸ்பி எரர் ஆக்சஸ்’ என்று வந்தால் அது கூறும் அல்ல, இயக்கியும் அல்ல, அனுமதிச் சிக்கல். ஓப்பன்ஓசிடி மூலநிரலின் கான்ட்ரிப் அடைவிலுள்ள 60-ஓப்பன்ஓசிடி விதிக் கோப்பை யுடெவ் (சாதன அனுமதிகளைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி) விதிகள் அடைவில் போட்டு, விதிகளை மீளேற்றி, தகவியைப் பிடுங்கிச் செருக வேண்டும். கையேட்டின் பிழைகள் பகுதியைக் கூறு, இயக்கி, அனுமதி என்று மூன்றாகப் பிரித்து எழுதித் தருகிறேன்.