திஸ்கி காலத்துத் தமிழ் மடல்கள் தேவை

வணக்கம். யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி (TSCII) போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கங்களில் தமிழர்கள் இணையத்தில் எழுதியதைத் தொகுக்கிறோம். 1995–2003 காலத்து மடல்கள், எழுத்துருக் கோப்புகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

தயவுசெய்து நோட்பேடில் திறந்து மறுபடி சேமிக்காதீர்கள். திஸ்கியில் தமிழ் முழுதும் 127க்கு மேற்பட்ட மதிப்புள்ள பைட்டுகளில் இருக்கிறது. அவை மாறினால் மீட்பது பெரும்பாடு. 1.44 எம்பி ஃபிளாப்பியா? எழுதுதடைத் துளையைத் திறந்துவிட்டு, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்னும் வட்டுப் படியெடுக்கும் நிரல் கொண்டு முழு வட்டையும் படியெடுங்கள். படி 14,74,560 பைட் இருக்க வேண்டும். எந்த எழுத்துரு என்றும் குறியுங்கள். அது தெரியாவிட்டால் மடல் வெறும் கிறுக்கல்.

இன்னொன்று: திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். திஸ்கியை யூனிகோடாக்கும் மாற்றிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், குறிப்பாக ஒகர ஓகாரங்களில். இதைச் சரியாகக் கையாளும் நிரல் வைத்திருப்பவர்கள் பகிருங்களேன்.