2026 மட்பே (மியான்மர் உளுந்து) அறுவடை: உலகப் பொருளாதார எண்களில் எதைப் பார்த்து விலை பேசுவது?

கேள்வி: ரங்கோன் பயறு (2025 நவம்பர்)

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபரில் வந்த ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) அறிக்கையில் உலக வளர்ச்சி 2025க்கு 3.2%, 2026க்கு 3.1% என்று போட்டிருக்கிறார்கள். இந்தியா 6.6, அடுத்து 6.2. சீனா 4.8, அடுத்து 4.2. அமெரிக்கா 2 சொச்சம், யூரோ நாடுகள் 1 சொச்சம். நம் மியான்மர் உளுந்து போவது பெரும்பாலும் இந்தியாவுக்கு. அந்த நாடுதான் வேகமாக வளர்கிறது என்றால் சென்னைக்காரர்கள் ஏன் விலையைக் குறைத்தே கேட்கிறார்கள்? ஜனவரியில் புதுச் சரக்கு ரங்கோனின் பயின்நவுங் மொத்தச் சந்தைக்கு வருவதற்குள் முன்பேரம் முடிக்கலாமா, பொறுக்கலாமா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில் 1: குடோன் சாவி

தம்பி, முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஐஎம்எஃப் இந்தியாவுக்குப் போடும் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அந்த 6.6 என்பது 2025-26 நிதியாண்டுக்கு. சீனா எண்ணோடு மாதம் மாதமாக ஒப்பிட்டால் தப்பாகும்.

அதைவிட முக்கியம், பருப்புக்கு வளர்ச்சி எண் வேலைக்கே ஆகாது. ஜிடிபி ஒரு புள்ளி கூடினால் யாரும் கூடுதலாக இட்லி தின்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இந்தியப் பணவீக்கக் கணக்கில் பருப்பு வரிசை. 2025 அக்டோபரில் மொத்தச் சில்லறைப் பணவீக்கமே 0.25% தான். பருப்பு மட்டும் முந்தைய ஆண்டைவிட 16% அளவுக்குக் கீழே. விலை ஏறும்போது டில்லி இறக்குமதியைத் திறக்கும், விழும்போது விவசாயி பக்கம் சாயும். நவம்பர் 1 முதல் மஞ்சள் பட்டாணிக்கு 30% வரி போட்டது அந்தச் சாய்வுதான்.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. உளுந்துக்கு இந்திய அரசின் 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய், அதாவது கிலோ 78. நம் சரக்கு சென்னை வந்து சேரும் விலை டன் 800 டாலர் என்று கணக்குக்கு வையுங்கள். டாலர் 88.7 ரூபாயில் அது 70,960, கிலோ 71. இறக்குமதிச் சரக்கு ஆதரவு விலைக்கு 7 ரூபாய் கீழே நிற்கிறது. இந்த இடைவெளி நீடிக்க நீடிக்க, கட்டுப்பாடு கேட்டு அங்கே குரல் எழும்.

2017ஐ மறக்க வேண்டாம். அமோக விளைச்சலில் இந்தியாவில் விலை ஆதரவு விலைக்குக் கீழே போனது. ஆகஸ்டில் துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதி வரம்பு வந்தது. இங்கே சந்தை உட்கார்ந்துவிட்டது. அந்த ஆண்டும் இந்திய வளர்ச்சி எண் ஒன்றும் மோசமில்லை!

பதில் 2: நோட்டுக்கட்டு

அண்ணன் சொன்னது வாங்குபவர் பக்கம். நம் கைக்கு எத்தனை சாட் (மியான்மர் பணம்) வரும் என்பது தனிக் கணக்கு. அதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஏற்றுமதி டாலரில் ஒரு பங்கை 2,100 சாட் அரசு விலையில் மாற்றியே ஆக வேண்டும். 2022 ஆகஸ்டில் அந்தப் பங்கு 65%. 2023இல் 50 ஆகி, 35 ஆகி, பிறகும் இறங்கியது. ஒப்பந்தம் போடும் அன்றைக்கு என்ன பங்கு என்று வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே 25% என்றும், மீதி 3,600இல் மாறும் என்றும் வைத்துக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும்.

800 டாலரில் 200 × 2,100 = 4,20,000. மீதி 600 × 3,600 = 21,60,000. ஆக டன்னுக்கு 25,80,000 சாட். டாலருக்குச் சராசரி 3,225 தான், 3,600 அல்ல. ஒரு டன் சுமார் 612 பர்மா வீசை, எனவே வீசைக்கு 4,215 சாட் சொச்சம். இதிலிருந்து கப்பல் கூலி, சுத்தம், சாக்கு, லாரி, தரகு எல்லாம் கழித்த பிறகுதான் விவசாயிக்குச் சொல்லும் விலை. பங்கு 35% என்றால் அதே டன் 24,60,000 ஆகிறது. 1,20,000 சாட் காணாமல் போகும். கொள்முதலை 3,600இல் கணக்குப் போட்டுவிட்டு ஆண்டுக் கடைசியில் ஏன் நட்டம் என்று தேடுவது இதனால்தான்.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் வட்டி நமக்கு வரும் வழி ரூபாய். அக்டோபரில் 3.75-4.00% வரை குறைத்தார்கள். பாடப்புத்தகப்படி டாலர் இளைத்து ரூபாய் ஏற வேண்டும். ஆனால் இந்தியப் பொருளுக்கு ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50% வரி போட்டது, ரூபாய் இறங்கிவிட்டது. டாலருக்கு ஒரு ரூபாய் இறங்கினால் 800 டாலர் சரக்கு கிலோவுக்கு 80 பைசா கூடும். வாங்குபவர் அதைத் தான் ஏற்காமல் டன்னுக்கு 9 டாலர் குறைத்துக் கேட்பார். சென்னைக்காரர் குறைத்துக் கேட்பதில் ஒரு பகுதி இதுதான்.

பதில் 3: மூன்றாவது மாடி

உளுந்து விலையில் உலகின் மற்றப் பகுதிகளுக்கு அதிகப் பங்கில்லை, சுருக்கமாக: ஐரோப்பா மந்தம், ஜெர்மனி 2023, 2024 இரண்டு ஆண்டும் சுருங்கியது. அது இங்கே தையல் ஆலைகளைப் பாதிக்கும், பயறு குடோனை அல்ல. நம் பொருளுக்கு அமெரிக்கா போட்ட 40% வரியும் அப்படியே. சீனாவில் வீட்டுச் சந்தை படுத்திருப்பதால் மக்கள் கை இறுகியிருக்கிறது. இது பச்சைப்பயறு, எள் அனுப்புபவர்களுக்கு. மட்பேக்கு அந்தக் கதவு இல்லை, இந்தியா மூடினால் வேறு பெரிய சந்தை கிடையாது.

இதற்கு மாறாகக் கட்டாயம் பார்க்க வேண்டியவை பிரேசிலும் கிழக்கு ஆப்பிரிக்காவும். பிரேசில் இப்போது இந்தியாவுக்கென்றே உளுந்து விதைக்கிறது. மொசாம்பிக், மலாவி துவரை ஆண்டின் பின்பாதியில் போய் இறங்குவதால், நம் துவரை ஜனவரியில் வரும்போது அங்கே இருப்பு எவ்வளவு என்பதுதான் விலை.

ரங்கோன் பயறு

நன்றி அண்ணே. உளுந்துக்கு வரியில்லா இறக்குமதி 2026 மார்ச் 31 வரைதான் அறிவித்திருக்கிறார்கள். மார்ச் கடைசியில் கப்பல் ஏற்றினால் போதுமா?

குடோன் சாவி

அங்கேதான் மாட்டிக்கொள்வோம். அறிவிப்பில் எந்தத் தேதி என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்: கப்பல் ரசீதுத் தேதியா, சுங்கத்தில் விடுவிக்கும் தேதியா? 2021இல் இரண்டுக்கும் தனித்தனிக் கெடு இருந்தது. நேரடிக் கப்பல் ஒரு வாரத்துக்குள் போய்விடும். சிங்கப்பூரிலோ மலேசியாவின் போர்ட் கிளாங்கிலோ கப்பல் மாறினால் இரண்டு, மூன்று வாரம். ஆகவே மார்ச் முதல் வாரத்துக்குள் ஏற்றும் அளவுக்கு மட்டும் இப்போது விலை பேசுங்கள். அதற்கு மேல் உள்ளதை, நீட்டிப்பு அறிவிப்பு வந்தால் மட்டுமே செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இந்தியா, மியான்மர் அரசுகளுக்கிடையிலான ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து உடன்பாடும் 2025-26உடன் முடிகிறது. ஏப்ரல் நடுவில் தின்ஜான் (புத்தாண்டு நீர்த் திருவிழா) வேறு, வங்கி பூட்டியிருக்கும்.