லிவரிக்கு 'ஊர்திக்கோலம்' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. ஒரு நிறுவனம் தன் விமானங்களுக்கோ வண்டிகளுக்கோ வைக்கும் நிறம், பெயர், சின்னம் எல்லாம் சேர்ந்த தோற்றத்தை ஆங்கிலத்தில் லிவரி என்பார்கள். அகராதிக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம், இதுவரை வந்த பரிந்துரைகள் 'வண்ணப்பூச்சு', 'விமானச் சீருடை' இரண்டும்தான். என் மேசையில் பாதி வேலையில் நிற்கும் 1/144 அளவு போயிங் 747 விமானத்தின் சிறு மாதிரியோடு இரண்டையும் பொருத்திப் பார்த்தேன், எதுவும் சரியாக உட்காரவில்லை.

பூச்சு என்பது செய்யும் வேலையின் பெயர். அதே வடிவத்தை மறுபடி பூசினால் பூச்சுதான் புதிது, லிவரி பழையதுதான். மாதிரியில் இன்னும் தெளிவாகத் தெரியும்: வெள்ளையும் கருநீலமும் தெளித்து முடித்தபின் நிறுவனத்தின் பெயர், கொடி, வால் சின்னம், சன்னலோரக் கோடு எல்லாம் தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் டீகால் என்ற அச்சுப்படத்தில்தான் வருகிறது. பூசாமலே வருவதைப் பூச்சு என்று எப்படிச் சொல்வது?

சீருடை என்றவர் மூலச்சொல்லின் வரலாற்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார், பிரபுக்கள் வீட்டு ஏவலாட்கள் உடுத்தியதுதான் முதலில் லிவரி. ஆனால் சீருடை என்றாலே எல்லாருக்கும் ஒன்றுபோல என்பதுதானே? 1997ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமானங்களின் வாலில் பல நாட்டுக் கலைஞர்களின் ஓவியங்களைப் போட்டது. அந்த ஆண்டு கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில் வைத்திருந்த மாதிரி விமானத்தின் வாலை முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் கைக்குட்டையால் மூடியது பெரிய செய்தி. வாலுக்கு வால் மாறிய அதைச் சீருடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை கோலம். 2019ல் நூற்றாண்டுக்காக இதே நிறுவனம் மூன்று 747-400 விமானங்களுக்குப் பழைய வடிவங்களைப் போட்டது, அதில் ஜி-பிஒய்ஜிசி என்ற பதிவெண் கொண்ட விமானம், பிஓஏசி என்ற பழைய பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வடிவத்தில் வந்தது. பிஓஏசி 1974லேயே பிரிட்டிஷ் ஏர்வேஸில் கலந்துவிட்டது, 747-400 முதலில் பறந்ததே 1988ல்தான். தன் காலத்துக்கு முந்தைய தோற்றத்தை ஒரு விமானம் சில காலம் ஏற்று நிற்கிறது. இதற்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன! சித்திரைத் திருவிழாவில் அழகர் கள்ளர் திருக்கோலத்தில் வருகிறார், பகல்பத்தின் நிறைவில் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். சுவாமி ஒருவர்தான், கோலம்தான் வேறு. தோற்றம், வரைந்த வடிவம் இரண்டும் இந்த ஒரே சொல்லில் அடங்குவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வாசல் கோலத்தோடு குழம்பும் என்பார்கள், நியாயம்தான். அதனால்தான் அகராதியில் 'ஊர்திக்கோலம்' என்று பதியச் சொல்கிறேன், பேருந்துக்கும் ரயிலுக்கும்கூடப் பொருந்தும். 'வண்ணக்கோலம்' வேண்டாம், அது பொடி போடுகிற கோலத்துக்கே போய்விடும். அலங்கோலம் நினைவுக்கு வருகிறதே என்று தயங்குபவர்கள் மணக்கோலத்தையும் நினைத்துக்கொள்ளட்டும்.

இதிலிருந்து ரெட்ரோ லிவரி பழங்கோலம் ஆகும், ஒரு விழாவுக்காக மட்டும் போடுவது சிறப்புக்கோலம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "2020 அக்டோபர் 8 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கடைசியாகக் கிளம்பிய இரண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747களில் ஒன்றான ஜி-சிஐவிபி, 1974ன் நீகஸ் கோலத்தில் இருந்தது." (நீகஸ் அதை வடிவமைத்த நிறுவனம்.) தடுக்காமல் படிக்க முடிகிறது.

டீகாலுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. 'நீரொட்டி' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் நீரே ஒட்டுவதுபோல் பொருள் வருகிறது. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.