பழைய பக்குவங்கள்: இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து நிலாவெளி, தம்பலகாமம், சம்பூர் வீடுகளில் கண்டவை

நிலாவெளியிலிருந்து ஒருவர்:

ஊறுகாய் போடுவதையும் மீன் பதப்படுத்துவதையும் அருகிலிருந்து பார்த்தவர்கள், பார்த்தபடியே எழுதி வைக்க வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். அதனால் என்னுடைய அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் அம்மம்மா தேசிக்காய் ஊறுகாய்க்குக் கை வைப்பார். ஒவ்வொரு காயையும் துணியால் துடைத்து, அடிப்பகுதி பிரியாமல் நான்காகக் கீறி, பிளவுக்குள் உப்பைத் திணித்துப் பீங்கான் சாடியில் அடுக்குவார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், அன்று முழுவதும் எங்களைச் சாடிக்குப் பக்கத்தில் விடமாட்டார். மூன்று நாள் குலுக்கி வைத்த பின், காலையில் காய்களைச் சுளகில் பரப்பி வெயிலில் வைத்து, மாலையில் ஊறிய சாற்றுக்குள்ளேயே திரும்பப் போடுவார். சாறு முழுவதையும் காய்கள் குடித்து முடிக்கும் வரை இப்படியே நடக்கும். மஞ்சள் நிறம் தேன் நிறமாகி, அடுத்த ஆண்டில் கறுத்துவிடும். விரலால் அழுத்தினால் தோல் வெண்ணெய் போல வழுகும். காய்ச்சலில் வாய் கசந்து கிடந்தபோது, கஞ்சியோடு அதில் ஒரு துண்டைத் தொட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குப் பசி திரும்பியது.

மீன் விடயம் இதைவிடக் கடினமானது. பங்குனியில் கடல் அடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் எங்கள் கரைக்கு வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில்கள் அமைப்பார்கள். அவர்களில் ஒரு பெண்ணிடம்தான் அம்மம்மா ஜாடி மீன் போடக் கற்றுக்கொண்டார். அதற்கு வேண்டிய கொறக்காய் என்ற புளிப்புக் காய் எங்கள் வறண்ட மண்ணில் காய்ப்பதில்லை. மழை மிகுந்த தென்மேற்கிலிருந்து அவர்களே மூட்டையில் கட்டிக் கொண்டுவருவார்கள். தலையும் குடலும் நீக்கிக் கழுவிய மீனை, மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பும் இடையிடையே கொறக்காயும் வைத்துப் பானையில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றிவிட்டால், மீனிலிருந்து வடியும் நீரே அதனை மூடிக்கொள்ளும். உப்பும் புளிப்பும் சேர்ந்த அந்த நீரில் அழுகச் செய்யும் கிருமிகள் பெருக முடிவதில்லை. வாடைக் காற்றில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் அந்தப் பானைதான் எங்கள் வீட்டுக் கறி.

நான் தனியாக இதைச் செய்த முதல் தடவை இரண்டு பிழைகள் விட்டேன். நண்பகலில் வாங்கிய சூரை மீனை ஐஸ் இல்லாமல் மாலை வரை வைத்திருந்தேன். கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது கெட்ட மணம் எதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் இருவருக்கும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, நெஞ்சு படபடத்தது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும் என்றும், அதன் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் எவ்வளவு உப்பிட்டாலும் அது அழியாது என்றும் மருத்துவர் விளக்கினார். மறுநாள் இருவரும் தேறிவிட்டோம். "மீன் விறைச்சு நிக்கேக்கையே வெட்டிப்போடு பிள்ளை. உப்பைக் குறைக்காத, கூடிப்போச்செண்டால் சமைக்கேக்க கழுவலாம்" என்று அம்மம்மா சொன்னது அன்றிரவு முழுவதும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு ஹிஸ்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் நான் விட்ட இரண்டு பிழைகளையும் அவர் முன்கூட்டியே தடுத்திருந்தார்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் முற்றத்து நெற்கிடாரம் நினைவுக்கு வந்தது. அறுவடை முடிந்ததும் வீட்டுத் தேவைக்கான நெல்லை அம்மா இரவும் பகலும் ஊறப்போடுவார். இடையில் தண்ணீரை மாற்றத் தவறினால் சோற்றில் புளித்த வாடை மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், நடுச்சாமத்திலும் எழுந்து மாற்றுவார். பிறகு மூன்று கல்லின் மேல் கிடாரத்தை ஏற்றி, ஈரச்சாக்கால் வாயை மூடி அவிப்பார். ஆவி சாக்கைத் துளைத்து வந்ததும் ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். உமி கீறல் விட்டிருக்க வேண்டும், அரிசி வெளியே தள்ளக்கூடாது. இதைத்தான் "நெல் வாய் திறந்திட்டுது" என்று எங்கள் ஊரில் சொல்வோம். ஒரேயடியாகக் கடும் வெயிலில் காயவிட்டால் ஆலையில் அரிசி நொறுங்கும். ஆகையால் முதலில் வெயிலிலும் பின்பு நிழலிலுமாகக் காய வைப்பார்.

இந்த அவிப்பின் பயனை நான் பிற்காலத்தில்தான் படித்து அறிந்தேன். தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் ஒரு பகுதி எஞ்சுகிறது. கோலாலம்பூரில் ஒரு மனநோய் விடுதியில் சிலருக்குப் பச்சையரிசியும் சிலருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்த வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், பச்சையரிசி உண்டவர்களிடமே, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியதை 1907இல் எழுதி வெளியிட்டார். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் அதிகம் அண்டாததும் மலாயாவில் அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், சோற்றுப் பானையை வடிக்க எழுந்து போனார்.

சம்பூரிலிருந்து ஒருவர்:

நான் சரக்குக் கறியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அம்மியில் பட்டுப்போல அரைத்து, மிளகாய் சேர்க்காமல், பால்சுறாவோடு மண்சட்டியில் மெல்லிய தணலில் வற்ற வைப்போம். அகப்பையை உள்ளே விட்டுக் கிளறினால் மீன் உடைந்துவிடும் என்பதால், சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்துச் சுழற்றுவதுதான் வழக்கம். 2006இல் இடம்பெயர்ந்தபோது என் தாயாரின் சட்டியும் அம்மியும் வீட்டிலேயே நின்றுவிட்டன. முகாமில் அலுமினியச் சட்டியில் அதே சரக்கை அரைத்து வைத்துப் பார்த்தேன். அடி பிடித்தது, மணமும் கூடிவரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது, அம்மி வளவுக்குள் பற்றைக்கு அடியில் முழுதாகக் கிடந்தது. சட்டி கிடைக்கவில்லை.

இந்த வைகாசியில் மருமகள் பிள்ளை பெற வீட்டுக்கு வந்தாள். புதுச் சட்டி வாங்கி, கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிப் பழக்கினேன். முதல் இரண்டு தடவையும் மண் வாடை போகவில்லை. மூன்றாவது தடவை ஊற்றிய தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மியைக் கழுவி மிளகை எடுத்து வைத்தேன்.